பழைய பெட்டிக்கு உயிர் கொடுத்த ஹாரி வில்லியம்ஸ்

கடையில் ஒரு விளையாட்டு யந்திரம் இருக்கிறது. பெட்டி நன்றாக இருக்கிறது. மேலே உள்ள கண்ணாடியில் கீறல் இல்லை. கால்கள் உறுதியாக நிற்கின்றன. ஆனால், அதில் காசு போட ஆள் இல்லை!

ஏன்? ஆடி ஆடி எல்லோருக்கும் சலித்துவிட்டது.

கடைக்காரர் என்ன செய்வார்? புது யந்திரம் வாங்குவார். கையில் பணம் இல்லாவிட்டால்? கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்காருவார்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார், அமெரிக்காவில் ஒரு வாலிபர். பெட்டி அப்படியே இருக்கட்டும், உள்ளே இருக்கும் பலகையை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்தார். மாற்றியும் காட்டினார்.

அந்த வாலிபர்தான் ஹாரி வில்லியம்ஸ். "பின்பால்" விளையாட்டின் சரித்திரத்தில் அழியாத பெயர் அவருடைய பெயர்.

பின்பால் என்றால் என்ன?

பின் என்றால் ஆணி. பால் என்றால் பந்து. ஆணிகளுக்கு நடுவே ஓடும் பந்து என்பதால் பின்பால் என்று பெயர் வந்தது.

ஒரு மேஜை அளவுக்குப் பெட்டி. அதற்குள் சாய்வான பலகை. பலகை மேல் கண்ணாடி மூடி. காசு போட்டால் குண்டு வரும். கைப்பிடியைப் பின்னால் இழுத்து விட்டால், சுருள்வில் குண்டை மேலே தள்ளும். குண்டு ஆணிகளில் மோதி, இப்படியும் அப்படியும் துள்ளி, கீழே இறங்கும். எந்தக் குழியில் விழுகிறதோ, அதற்கு ஏற்ற எண்ணிக்கை கிடைக்கும்.

இந்தச் சுருள்வில்லுக்கு 1871-ம் ஆண்டில் உரிமை வாங்கியவர் மான்டேக் ரெட்கிரேவ். அவர் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். ஆனால், அந்தக் காலத்தில் இது பெரிய வியாபாரமாக வளரவில்லை.

அது வளர்ந்தது கஷ்ட காலத்தில்!

வேலை இல்லாதவர்களின் விளையாட்டு

1929-ம் ஆண்டில் அமெரிக்காவின் பங்கு மார்க்கெட் சரிந்தது. பாங்கிகள் மூடப்பட்டன. ஆலைகள் நின்றன. லட்சக்கணக்கான மக்கள் வேலை இழந்து தெருவுக்கு வந்தனர்.

பொழுதுபோக்குக்குச் செலவு செய்ய யாரிடமும் பணம் இல்லை. ஒரு சென்ட், இரண்டு சென்ட்தான் பையில் இருக்கும்.

1931-ம் ஆண்டில் சிகாகோ நகரத்தில் டேவிட் காட்லீப் என்பவர் "பேபிள் பால்" என்ற யந்திரத்தை வெளியிட்டார். விலை 17½ டாலர். கடை மேஜை மீதே வைத்துவிடலாம். ஒரு சென்ட் போட்டால் 5 முதல் 7 குண்டுகள் வரை ஆடலாம்.

மக்கள் மொய்த்தார்கள்! 50 ஆயிரத்துக்கும் அதிகமான யந்திரங்கள் விற்பனை ஆயின. மருந்துக் கடை, மதுக் கடை, சிகை அலங்காரக் கடை எல்லாவற்றிலும் பின்பால் இடம் பிடித்தது. அதைப் பார்த்து இன்னும் பல கம்பெனிகள் போட்டியில் குதித்தன.

ஆனால், இந்த வியாபாரத்தில் ஒரு சங்கடம் இருந்தது. குண்டு எப்படி ஓடும், எவ்வளவு இழுத்தால் எங்கே விழும் என்பது ஆடுகிறவர்களுக்குக் கொஞ்ச நாளில் பழகிவிடும். பழகியதும் சலித்துவிடும். யந்திரம் உடையாமலே உபயோகம் இல்லாமல் போய்விடும்.

இங்கேதான் ஹாரி வில்லியம்சின் கதை தொடங்குகிறது.

பலகையை மட்டும் மாற்றினார்

ஹாரி வில்லியம்ஸ், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் படித்தவர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வசித்தார். படம் வரைவார். யந்திரங்களைக் கழற்றி மாட்டுவதில் அவருக்குத் தணியாத ஆசை.

மற்றவர்கள் செய்த விளையாட்டு யந்திரங்கள் சிலவற்றை அவர் விலைக்கு வாங்கினார். அவற்றைத் திறந்து பார்த்தார். மூளை வேலை செய்தது.

பெட்டிக்கு ஆகும் செலவு அதிகம். கண்ணாடி, கால், பூட்டு, காசு வாங்கும் கருவி எல்லாம் அதில் சேர்ந்தவை. அவை பல வருஷம் உழைக்கும். சலித்துப்போவது பலகை ஒன்றுதான். அந்தப் பலகையை மட்டும் புதிதாகச் செய்து, பழைய பெட்டியில் பொருத்தினால்?

அப்படியே செய்தார். புதுப் பலகை வெட்டினார். புதுப் படம் வரைந்தார். ஆணிகளையும் குழிகளையும் வேறு இடத்தில் வைத்தார். பழைய பெட்டி புது விளையாட்டாக மாறியது!

இது கேட்பதற்குச் சுலபம். செய்வது அப்படிச் சுலபம் அல்ல. பழைய பெட்டிக்குள் பலகை சரியாக உட்கார வேண்டும். அரை அங்குலம் பெரிதானால் உள்ளே நுழையாது. அரை அங்குலம் சிறியதானால் ஆடும். குண்டு வெளியேறும் வழி, பெட்டியில் ஏற்கெனவே உள்ள வழியோடு சேர வேண்டும். வேறு ஒருவர் செய்த யந்திரத்தின் அளவுக்கு நம் வேலையை அடக்க வேண்டும்.

இந்தப் பயிற்சிதான் வில்லியம்சுக்குப் பள்ளிக்கூடம். மற்றவர்களின் யந்திரத்துக்குப் பாகம் செய்து பழகியவர், பிறகு சொந்தமாகவே யந்திரம் செய்யத் தொடங்கினார்.

அடியில் தட்டிய ஆசாமி

வில்லியம்சின் ஆரம்ப கால யந்திரங்களில் ஒன்று "அட்வான்ஸ்". 1933-ம் ஆண்டில் வந்தது. அதில் மெல்லிய கதவுகள் இருந்தன. தராசு போலச் சமன் செய்து வைக்கப்பட்ட கதவுகள். குண்டு பட்டால் திறக்கும்.

ஒரு நாள் ஒரு கடையில் தம்முடைய யந்திரத்தை வில்லியம்ஸ் கவனித்துக் கொண்டிருந்தார். ஓர் ஆசாமி வந்தான். குண்டைக் குறி பார்த்து அடிக்கவில்லை. பெட்டியின் அடியில் கையால் ஓங்கித் தட்டினான். அதிர்ச்சியில் கதவு திறந்துகொண்டது. குண்டு படாமலே எண்ணிக்கை ஏறியது!

வில்லியம்சுக்குக் கோபம் பொங்கியது. பெட்டியின் அடியில் கூர்மையான ஆணிகளை அடித்து வைத்தார். இனி தட்டினால் கையில் குத்தும்!

ஆனால், கோபம் ஆறியதும் யோசித்தார். இது கொடுமை அல்லவா? விளையாட வந்தவனின் கையில் ரத்தம் வரலாமா? ஆணிகள் சரியான வழி அல்ல என்று முடிவு செய்தார்.

வேறு ஒரு சிறு பாகம் செய்தார். ஒரு சின்னப் பீடம். அதன் மேல் ஒரு சின்னக் குண்டு. பெட்டியை யாராவது பலமாக ஆட்டினால், குண்டு பீடத்தில் இருந்து நழுவி, சுற்றி உள்ள வளையத்தில் விழும். விழுந்தால் ஆட்டம் முடிந்தது!

யாரையும் குத்தவில்லை. யாரோடும் சண்டை இல்லை. ஆட்டம் மட்டும் நின்றுவிடும்.

முதலில் இதற்கு, காட்டிக் கொடுப்பவன் என்ற பொருளில் ஒரு கேலிப் பெயர் வைத்தார். பிறகு ஒரு நாள், ஆடிக் கொண்டிருந்த ஒருவர், பெட்டியைச் சாய்த்துவிட்டதாகத் தம்மையே நொந்துகொண்டார். அது வில்லியம்சின் காதில் விழுந்தது. சாய்ப்பது என்ற பொருளுள்ள "டில்ட்" என்ற ஆங்கிலச் சொல்லையே பெயராக வைத்துவிட்டார்.

பிறகு பீடத்துக்குப் பதிலாக, வளையத்தின் நடுவே தொங்கும் ஊசல் வந்தது. பெட்டி ஆடினால் ஊசல் வளையத்தைத் தொடும். தொட்டால் ஆட்டம் போச்சு. இன்று செய்யப்படும் பின்பால் யந்திரங்களிலும் இந்த "டில்ட்" இருக்கிறது.

உள்ளே மின்சாரம்!

அதே 1933-ம் ஆண்டில் வில்லியம்ஸ் மற்றொரு சாதனையைச் செய்தார். "கான்டாக்ட்" என்ற யந்திரத்தை உருவாக்கினார். லாஸ் ஏஞ்சல்சில் இருந்த ஒரு கம்பெனி அதைச் செய்து விற்றது.

அதில் என்ன அதிசயம்? அதற்குள் பாட்டரி இருந்தது!

அதுவரை, குண்டு குழியில் விழுந்தால் விழுந்ததுதான். "கான்டாக்ட்" யந்திரத்தில், குழியில் விழுந்த குண்டு திடீர் என்று மேலே துள்ளி வந்து மறுபடியும் ஓடியது! இன்னொரு பக்கம் மணி அடித்தது!

இதன் ரகசியம் ஒரு செப்புக் கம்பிச் சுருள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தம் ஆகிவிடும். நடுவில் உள்ள இரும்புத் தண்டை வெடுக் என்று இழுக்கும். அந்தத் தண்டு குண்டை உதைக்கும். மின்சாரம் நின்றால் தண்டு பழைய இடத்துக்கு வந்துவிடும்.

ஊமையாக இருந்த விளையாட்டுக்கு ஓசை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மற்றக் கம்பெனிகளும் மின்சாரத்துக்கு மாறின.

பின்பால் தொழிலின் தலைநகரம் சிகாகோ. வில்லியம்சும் அங்கே சென்றார். சில கம்பெனிகளுக்கு யந்திரங்களை உருவாக்கிக் கொடுத்தார்.

தடையும் யுத்தமும்

1942-ம் ஆண்டில் இரண்டு இடிகள் சேர்ந்து விழுந்தன.

முதல் இடி, நியூயார்க் நகரத்தில் இருந்து வந்தது. பின்பால் சூதாட்டம், பிள்ளைகளின் சில்லறைக் காசைப் பறிக்கிறது என்று அந்த நகரின் மேயர் லா கார்டியா சொன்னார். அன்றைய யந்திரங்களில் பெரும்பாலும் அதிர்ஷ்டமே வேலை செய்தது. சில கடைகளில் ஜெயித்தவர்களுக்குப் பரிசும் கொடுத்தார்கள். போலீசார் ஆயிரக்கணக்கான யந்திரங்களைப் பறிமுதல் செய்தனர். மேயரே சம்மட்டியை எடுத்து யந்திரங்களை நொறுக்கினார். அந்தத் தடை 1976-ம் ஆண்டு வரை நீடித்தது.

இரண்டாவது இடி, உலக யுத்தம். இரும்பு, செம்பு எல்லாம் ஆயுதங்களுக்குப் போய்விட்டன. புதிய பின்பால் செய்வது நின்றது.

தொழிலில் இருந்த பலர் திகைத்தனர். வில்லியம்ஸ் திகைக்கவில்லை. அவருக்குத்தான் பழைய வித்தை தெரியுமே!

1942-ல் லின் டூரன்ட் என்ற நண்பரோடு சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே அதில் இருந்து விலகி, 1943-ல் சிகாகோவில் தம் பெயரிலேயே சொந்தக் கம்பெனி தொடங்கினார். பழைய யந்திரங்களை எடுத்தார். பெட்டியை வைத்துக்கொண்டு, படத்தையும் பாகங்களையும் மாற்றினார். புதுப் பெயர் சூட்டினார். 1945-ல் வந்த "பிளாட் டாப்" இப்படி உருமாறிய யந்திரம்தான்.

யுத்தம் முடிந்தது. 1946-ல் "சஸ்பென்ஸ்" என்ற யந்திரத்தை முழுக்க முழுக்கப் புதிதாகவே செய்து வெளியிட்டார்.

தட்டும் கை வந்தது

1947-ம் ஆண்டில் காட்லீப் கம்பெனியில் வேலை பார்த்த ஹாரி மாப்ஸ் ஒரு புதுமை செய்தார். "ஹம்ப்டி டம்ப்டி" என்ற யந்திரத்தில், பொத்தானை அழுத்தினால் குண்டைத் தட்டிவிடும் சிறு கைகளை வைத்தார். அவற்றுக்கு "பிளிப்பர்" என்று பெயர்.

அதோடு விளையாட்டே மாறிவிட்டது. அதுவரை குண்டை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தவர்கள், இனிமேல் குண்டோடு மல்லுக்கட்டலாம். அதிர்ஷ்டத்துக்குப் பக்கத்தில் திறமையும் வந்து நின்றது.

பிளிப்பர் இல்லாத யந்திரங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவற்றை வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பழைய யந்திரங்களில் பொருத்துவதற்கு என்றே பிளிப்பர்கள் தனியாக விற்பனைக்கு வந்தன. வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். பெட்டியை எறியாமல் பாகத்தை மாற்றும் வழி மறுபடியும் கை கொடுத்தது.

வில்லியம்ஸ் கம்பெனியும் பிளிப்பருக்கு மாறி, மளமள என்று வளர்ந்தது. சாம் ஸ்டெர்ன் என்பவர் பங்காளியாகச் சேர்ந்தார். 1959-ல் வில்லியம்ஸ் கம்பெனியை விட்டு விலகினார். பெயர் மட்டும் கம்பெனியில் நிலைத்தது.

விலகினாலும் கை சும்மா இருக்குமா? முதுமையிலும் பின்பால் யந்திரங்களை வரைந்து கொடுத்தார். 1980-ல் வந்த "பிளைட் 2000" அவர் உருவாக்கியது. பாட்டரி இல்லாத காலத்தில் தொழிலுக்கு வந்தவர், யந்திரம் பேசும் காலம் வரை அதைக் கைவிடவில்லை.

1983-ம் ஆண்டில் ஹாரி வில்லியம்ஸ் காலமானார்.

கம்பெனி நிறுத்தியது, மக்கள் நிறுத்தவில்லை

அவர் மறைந்த பிறகும் கம்பெனி வெற்றி நடை போட்டது. 1992-ல் அது வெளியிட்ட "ஆடம்ஸ் பேமிலி" யந்திரம் 20 ஆயிரத்துக்கு மேல் விற்றது.

ஆனால், வீடியோ விளையாட்டுகள் வந்தன. மக்களின் மோகம் அந்தப் பக்கம் போனது. 1999 அக்டோபர் மாதத்தில், வில்லியம்ஸ் கம்பெனி பின்பால் செய்வதை நிறுத்திவிட்டது.

கம்பெனி நிறுத்தினால், ஏற்கெனவே விற்ற யந்திரங்களின் கதி என்ன?

பின்பால் குண்டு 80 கிராம் எடை. 27 மில்லி மீட்டர் அகலம் உள்ள உருக்குக் குண்டு. அது நாள் முழுவதும் பாகங்களை இடித்துக்கொண்டே இருக்கும். ரப்பர் வளையம் வெடிக்கும். பிளாஸ்டிக் தகடு உடையும். பிளிப்பரின் தேய்ந்த மூட்டு தளரும். பலகையின் வர்ணம் உரியும். ஒரே ஒரு சிறு பாகம் போனால், பெரிய யந்திரம் முடங்கிவிடும்.

இந்த நிலையில் கை கொடுத்தவர்கள் யார்? பின்பால் பிரியர்கள்தான்! பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் பலர். இரவில் தங்கள் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, கிடைக்காத பாகங்களைத் தாங்களே செய்தார்கள். முதலில் தங்கள் யந்திரத்துக்குச் செய்தார்கள். பிறகு, அதே பாகம் இல்லாமல் தவித்த மற்றவர்களுக்கும் செய்து விற்றார்கள்.

ஒரு பாகம் பிறக்கும் விதம்

உடைந்த பிளாஸ்டிக் தகட்டை எடுத்துக்கொள்வோம். துண்டுகளைச் சேர்த்து வைத்து, கம்ப்யூட்டரில் படம் பிடிப்பார்கள். மங்கிய வர்ணங்களைத் திரும்ப வரைவார்கள். கண்ணாடி போன்ற உறுதியான தகட்டின் பின்புறத்தில் படத்தை இடம் வலமாக மாற்றி அச்சிடுவார்கள். முன்புறம் பார்த்தால் நேராகத் தெரியும். குண்டு உரசினாலும் படம் அழியாது.

உருண்டு திரண்ட பாகமாக இருந்தால், உடையாத பழைய பாகம் ஒன்றை வைத்து ரப்பர் அச்சு எடுப்பார்கள். அதில் பிசினை ஊற்றினால், அதே வடிவத்தில் புதுப் பாகம் கிடைக்கும். பொருளையே அடுக்கு அடுக்காக அச்சிடும் கருவியும் இப்போது உண்டு.

செய்தவுடன் விற்றுவிடுவது இல்லை. முதலில் தங்கள் யந்திரத்தில் மாட்டி, நூற்றுக்கணக்கான தடவை ஆடிப் பார்ப்பார்கள். காரணம் இருக்கிறது. ஒரு பாகம் தவறினால் பக்கத்துப் பாகமும் போகும். பிளிப்பரின் கம்பிச் சுருள் தேவைக்கு மேல் வலுவாக இருந்தால், குண்டு வேகமாகப் பாய்ந்து எதிரே உள்ளதை உடைக்கும். வலு குறைந்தால் குண்டு மேலே ஏறாது. இந்தப் பாகம் எந்த யந்திரத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியது விற்கிறவரின் கடமை.

சட்டமும் உண்டு. படமும் பெயரும் மற்றவர் சொத்தாக இருந்தால், உரிமை உள்ளவரிடம் அனுமதி வாங்கித்தான் விற்க வேண்டும்.

இதில் பணம் குவியுமா? குவியாது. ஒரு பாகத்துக்குச் சில டாலர். வாங்குகிறவர்களும் குறைவு. ஆனால், 40 ஆண்டு பழைய யந்திரம் ஒன்று மறுபடியும் மணி அடித்துக் கிளம்புவதைக் காண்பதில் தனி ஆனந்தம் இருக்கிறது.

சிறு பாகம், பெரிய வாழ்வு

ஹாரி வில்லியம்ஸ் தொழிலுக்கு வந்தபோது நாட்டில் பஞ்சம். தம் கம்பெனியைத் தொடங்கியபோது உலகத்தில் யுத்தம். இரண்டு தடவையும் அவரைக் காப்பாற்றியது ஒரே வித்தைதான். எது கெட்டுப்போயிற்று, எது நன்றாக இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார். கெட்டதை மட்டும் மாற்றினார்.

ஏமாற்றியவனைக் குத்தும் ஆணிகளை அவர் பிடுங்கி எறிந்தாரே, அங்கேயும் அதே குணத்தைக் காணலாம். ஆளைத் தண்டிக்கவில்லை. யந்திரத்தில் இருந்த குறையைத் திருத்தினார்.

அவருடைய கம்பெனி பின்பாலைக் கைவிட்டு 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் பெயர் பொறித்த யந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன. யாரோ ஒருவர், எங்கோ ஒரு கொட்டகையில் உட்கார்ந்து, அவற்றுக்கு ஒரு சிறு பாகம் செய்து கொண்டிருக்கிறார். வில்லியம்ஸ் தொடங்கிய அதே வேலை!